முதற் கோப்பை

நயினாதீவு அம்மன் கோயில் வெளி மண்டபத்தில் அன்று இருந்தவர்கள் இவர்கள்தான்: இறுப்பிட்டி ஆழ்வாப்பிள்ளை, அவர் மனைவி சீதேவி, அவர்களுடைய ஒரே மகள் நிலாந்தினி, அவள் கணவன் பிரசாந்தன், பிரசாந்தனின் தகப்பன் தம்பிஐயா, தாய் சத்தியபாமா, ஆழ்வாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தங்கை றஞ்சனி, பொங்கலோடு வந்த சின்னக் குருக்கள், எல்லாருக்கும் நடுவில் ரொறன்ரோவில் பிறந்து முதன்முதலாக ஊர் பார்க்க வந்திருந்த பேரப்பிள்ளை ஆதிரன். வேறு ஒருவரும் இல்லை. தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லித் திரிகிறவர்கள் நிற்கவில்லை.

பிள்ளைக்கு முதற் சோறு தீத்துகிற, அதாவது ஊட்டுகிற, நாள் அது. ஆழ்வாப்பிள்ளையின் குடும்பத்தில் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. பிள்ளையின் வாய்க்குள் போகும் முதற் சோறு, தாயின் தகப்பன் கொண்டுவந்து கொடுக்கும் வெள்ளிக் கோப்பையில் இருந்துதான் போகவேண்டும். கோப்பை என்று யாழ்ப்பாணத்தில் சொல்வது சோறு போட்டுச் சாப்பிடுகிற பாத்திரத்தை. வட்டமாக, அகலமாக, சிறு விளிம்பு கட்டினதாக இருக்கும். நிலாந்தினிக்கு அப்படி ஒன்றைச் சீதேவியின் தகப்பன் கொடுத்திருந்தார். போர்க்காலத்தில் இறுப்பிட்டி இருக்கும் தீவை விட்டு எல்லாரும் இடம்பெயர்ந்தபோது அது வீட்டோடு போய்விட்டது. இப்போது ஆழ்வாப்பிள்ளையின் முறை.

முறை மட்டும் என்றால் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போய் ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு வந்திருப்பார். ஆனால் எதிரே தம்பிஐயா இருந்தார்.

தம்பிஐயா நயினாதீவுக்காரர். தெற்கே ஒரு பட்டினத்தில் இரண்டு தலைமுறையாகக் கடை வைத்திருந்த குடும்பம். கடையை விற்றுவிட்டு ஊருக்கு வந்து, இருந்த வீட்டை இடித்து மேல்மாடி வைத்துக் கட்டினவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கொடுப்பார். அதுதான் ஆழ்வாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. அந்த மனிதர் எதைக் கொடுத்தாலும் அது ஆழ்வாப்பிள்ளை கொடுத்ததை விட ஒரு சுற்றுப் பெரியதாக இருந்தது. கலியாணத்துக்கு ஆழ்வாப்பிள்ளை மகளுக்கு அட்டியல் போட்டார்; தம்பிஐயா மருமகளுக்குப் பதக்கஞ் சங்கிலி போட்டார். படத்தில் சங்கிலிதான் தெரிகிறது, அட்டியல் அதன் கீழே மறைந்து கிடக்கிறது. பிள்ளை பிறந்தபோது ஆழ்வாப்பிள்ளை பனங்கட்டியும் பனங்கிழங்கு ஒடியல்மாவும் பெற்றவளுக்கான சரக்குத்தூளும் கட்டி ரொறன்ரோவுக்கு அனுப்பினார். தொலைபேசியில் மகள், “கிடைச்சுது அப்பா, நல்ல வாசம்” என்றவள் அதே மூச்சில், “மாமா அரைஞாண் அனுப்பியிருக்கிறார், பாருங்கோவன்” என்று பிள்ளையின் இடுப்பைத் தூக்கிக் காட்டினாள். அவர் பார்த்தார். தங்கம் மின்னியது. பிள்ளை சிரித்தது. இவர் போனை மனைவியிடம் நீட்டிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

இந்த முறை ஊருக்கு வந்தவர்கள் பாதி நாள் இறுப்பிட்டியில், பாதி நாள் நயினாதீவில் நிற்பதாகப் பேச்சு. இறுப்பிட்டியில் பிள்ளைக்கு வெக்கை பட்டுவிட்டது. “அங்க ஏசி இருக்கப்பா” என்றாள் நிலாந்தினி. ஆழ்வாப்பிள்ளை புதிதாக வாங்கி வைத்த மேசைக் காற்றாடி, வெறும் கட்டிலைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

எனவே கோப்பை ஒன்றுதான் மிச்சம். அது தம்பிஐயா கொடுக்க முடியாத பொருள். தாயின் தகப்பனுக்கே உரியது. அதில் ஒரு குறையும் வரக்கூடாது என்று ஆழ்வாப்பிள்ளை தீர்மானித்தார். யாழ்ப்பாணத்து நகைக்கடைகளில் வாங்கினால் கதை அன்றைக்கே கடல் தாண்டி நயினாதீவு போய்ச் சேரும். தம்பிஐயாவுக்கு எல்லாக் கடையிலும் பழக்கம். மகளுக்குச் சொன்னால் மாமியாருக்குச் சொல்லுவாள். ஆகவே ஒருவருக்கும் சொல்லாமல், திருச்சியில் குடியிருக்கும் மைத்துனன் அரியநாயகத்துக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினார்.

“அரியம், நான் ஆழ்வாப்பிள்ளை கதைக்கிறன். என்ர பேரனுக்கு வெள்ளியில ஒரு கோப்பை வேணும். அவன்ர முதற் கோப்பை. லேசுப்பட்ட சாமான் வேண்டாம், பாக்கிற சனம் வாயைப் பிளக்க வேணும். ஆதிரன் எண்டு பேரைப் பெரிசாய் வெட்டச் சொல்லு. கீழ இறுப்பிட்டி ஆழ்வாப்பிள்ளை எண்டும் இருக்கட்டும்.”

அரியநாயகம் அப்போதுதான் கண்ணில் சத்திரசிகிச்சை செய்து, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் இருந்தார். வெளியே போக ஏலாது. அவர் அந்தக் குரற்பதிவை அப்படியே கடைக்காரருக்கு அனுப்பிவிட்டார். கடைக்காரர் கேட்டதை இவருக்குத் திருப்பிச் சொன்னார்.

“அண்ணை, பிடி வைக்கிறதோ எண்டு கேக்கினம்.”

“பிடியோ?”

“சின்னப் பிள்ளை எண்டபடியால் கேக்கினமாக்கும்.”

ஆழ்வாப்பிள்ளை ஒரு கணம் யோசித்தார். தம்பிஐயாவின் மேல்மாடி கண்ணில் வந்து நின்றது. “வைக்கட்டும். ரெண்டு பக்கமும் வைக்கட்டும்.”

“அடியில மரப் பீடம் வேணுமோவாம்.”

“எல்லாம் வேணும் எண்டு சொல்லு. குறை வைக்கக் கூடாது.”

திருச்சியிலிருந்து பலாலிக்கு விமானத்தில் வந்த ஒரு தெரிந்தவர் கையில் பெட்டி வந்து சேர்ந்தது. நாலு பக்கமும் ஒட்டுநாடா சுற்றிய நல்ல உயரமான பெட்டி. சீதேவி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இஞ்சாருங்கோ, ஒருக்காத் திறந்து பாப்பமே?”

“குடுக்க முந்திப் பிரிச்சுப் பாக்கிற பழக்கம் எங்கட குடும்பத்தில இல்லை.”

“கோப்பைக்கு இவ்வளவு உயரமோ?”

“அது பீடம்.”

“சோத்துக் கோப்பைக்கு என்னத்துக்கப்பா பீடம்?”

“தம்பிஐயா வீட்டுக் கக்கூசுக்கே மாபிள் பதிச்சுக் கிடக்கு. என்ர பேரன்ர கோப்பைக்கு ஒரு பீடம் இருந்தால் உமக்கு என்ன செய்யுது?”

சீதேவி பெட்டியைத் துடைத்து மூலையில் வைத்தார்.

அன்று காலை குறிகட்டுவான் துறையில் படகு ஏறும்போது றஞ்சனியும் சேர்ந்துகொண்டாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் தெறிக்காதபடி சால்வையால் மூடி, முதுகை வளைக்காமல் இருந்தார் ஆழ்வாப்பிள்ளை. பக்கத்தில் இருந்த சனம் ஒதுங்கி இடம் விட்டது. அதுவே அவருக்கு ஒரு நிறைவாக இருந்தது. இன்றைக்கு ஒரு பொழுதாவது தம்பிஐயா கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்கத்தானே வேண்டும்.

நயினாதீவு இறங்குதுறையில் தம்பிஐயாவே வந்து நின்றார். பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையச் சிரிப்பு.

“வாங்கோ அண்ணை, வாங்கோ. கடல் அடிச்சுதோ?”

“எங்களுக்குக் கடல் புதுசோ?”

“அந்தப் பெட்டியை இஞ்ச தாங்கோ, நான் பிடிக்கிறன்.”

“வேண்டாம். பாரமில்லை.”

பாரமாகத்தான் இருந்தது. கோயில் வாசல் வரைக்கும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார்.

கோயிலில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். நிலாந்தினியின் உடம்பில் கடும் பச்சைக் கரையில் மாம்பழ நிறச் சேலை. அவர் அவளுக்கென்று தேடி எடுத்துக் கொடுத்தது நீலம். “மாமி ஆசையாய்த் தந்தது அப்பா, நீலத்தை நாளைக்கு உடுக்கிறன்” என்றாள் அவள், அவர் கேட்காமலே. அவர், “அதுக்கென்ன” என்றார். அப்போதுதான் சத்தியபாமாவின் தோளில் தொங்கிய துணிப்பை அவர் கண்ணில் பட்டது. பையின் துணியை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வட்டமாக ஒரு விளிம்பு. அகலமான, மெல்லிய விளிம்பு.

அவர் இரண்டு அடி பின்னுக்கு வந்தார். றஞ்சனியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“அந்தப் பையுக்க என்ன கிடக்கெண்டு நினைக்கிறாய்?”

“அருச்சனைத் தட்டாய் இருக்கும் அண்ணை.”

“அருச்சனைத் தட்டைக் கடையில தருவினம். வீட்டில இருந்து ஏன் காவிக்கொண்டு வர வேணும்?”

“நான் போய்க் கேக்கட்டே?”

“கேக்காதை. நாங்கள் பாத்த மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது.”

பூசை முழுவதும் அவர் அம்மனைப் பார்த்தாரோ பையைப் பார்த்தாரோ, அம்மனுக்குத்தான் தெரியும். பூசை முடிந்து வெளி மண்டபத்தில் பாய் விரித்து எல்லாரும் இருந்தார்கள். சின்னக் குருக்கள் வாழையிலையில் சூடு ஆறின பொங்கலைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை தாயின் மடியில் இருந்து, தன் விரலைத் தானே சப்பிக்கொண்டிருந்தது.

“கோப்பையை எடுங்கோ” என்றார் குருக்கள்.

ஆழ்வாப்பிள்ளை பெட்டியை நடுவில் வைத்தார். பிரசாந்தன் வீட்டுத் திறப்புக் கொத்தில் ஒரு சாவியால் ஒட்டுநாடாவைக் கிழித்தான். உள்ளே வெள்ளைப் பஞ்சு. பஞ்சை விலக்க, முதலில் இரண்டு காதுகள் தெரிந்தன. பிறகு ஒரு கழுத்து. பிறகு, மினுமினுத்த ஒரு மரக்கட்டையின் மேல், இடுப்பில் கை வைத்து நிற்கிற ஆளைப் போல, வெள்ளியில் ஒரு வெற்றிக் கிண்ணம் எழுந்து நின்றது.

பிள்ளை விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அதைப் பார்த்தது.

“மாமா, இது கப் எல்லோ!” என்றான் பிரசாந்தன்.

“ஓமண்ணை” என்றாள் றஞ்சனி. “கிரிக்கெட் மச்சில வெண்டாக் குடுக்கிறது.”

நிலாந்தினி குனிந்து, வெட்டியிருந்ததை வாசித்தாள். “‘ஆதிரன். முதற் கோப்பை. வெற்றிகள் தொடரட்டும். இறுப்பிட்டி ஆழ்வாப்பிள்ளை.’” வாசித்து முடிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு உதட்டைத் தாண்டிவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டாள். “அப்பா, எங்க செய்விச்சனீங்கள்?”

“திருச்சியில.”

“ஐயோ அப்பா. அங்க கோப்பை எண்டால் இதுதான். உலகக் கோப்பை எண்டு சொல்லுறேல்லையே? எங்கட கோப்பையை அவை தட்டு எண்டுவினம். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் கேட்டு எடுப்பிச்சிருப்பனே. ஏன் ஒருத்தருக்கும் சொல்லாமல்?”

அந்தக் கேள்விக்கு அவரிடம் மறுமொழி இருந்தது. ஆனால் அதைச் சம்பந்திகளுக்கு முன்னால் சொல்ல முடியாது. குருக்கள் சால்வையால் வாயை மூடி இருமினார். இருமல் மாதிரி இல்லை.

தம்பிஐயா மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் இரக்கத்தோடு பார்த்தார்.

“பரவாயில்லை அண்ணை. சத்தியபாமா, அந்தப் பையை எடும். தற்செயலாய் நாங்கள் ஒண்டு கொண்டு வந்தனாங்கள்.”

பையிலிருந்து வெளிவந்தது வெள்ளிக் கோப்பை. சோற்றுக் கோப்பை. நிறை நிலவு போல வட்டம், விளிம்பில் பூவேலை, நடுவில் அழகான எழுத்தில் ‘ஆதிரன்’.

ஆழ்வாப்பிள்ளை அந்தப் பெயரைப் பார்த்தார். எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.

“தற்செயலாய்க் கொண்டு வந்த கோப்பையில பேரும் தற்செயலாய் வெட்டுப்படுமோ சம்பந்தி?”

தம்பிஐயா தொண்டையைச் செருமினார். சத்தியபாமா குறுக்கே வந்தார். “எங்கட ஒரு ஆசைக்கு அண்ணை. பிறகு பாவிக்கலாம் எண்டு.”

“மாமி, அப்பாதான் கொண்டு வருவார் எண்டு நான் முதலே சொன்னனான்தானே” என்றாள் நிலாந்தினி மெதுவாக.

“அதுதான் பிள்ளை. பிறகு பாவிக்கலாம் எண்டுதான்.”

“சோறு ஆறுது” என்றார் குருக்கள். “எதில தீத்துறியள் எண்டு பாருங்கோ.”

தம்பிஐயா கோப்பையை மருமகள் பக்கம் நீட்டினார். அவளுடைய கை பாதி எழுந்து, அந்தரத்தில் நின்றது. அவள் தகப்பனைப் பார்த்தாள். சீதேவி பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அந்த நொடியில் ஆழ்வாப்பிள்ளைக்கு எல்லாம் வரிசையாகத் தெரிந்தது: அட்டியலை மூடிய சங்கிலி, அரைஞாண், ஏசி அறை, மாம்பழ நிறச் சேலை. இப்போது சோறும். இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தால் அந்தக் கை தம்பிஐயாவின் கோப்பையைத் தொட்டுவிடும். பிறகு பிள்ளை வளர்ந்து, “எனக்கு ஆர் முதல் சோறு தீத்தினது?” என்று கேட்கும்போது சொல்லப்படுகிற பெயர் வேறு.

அவர் நிமிர்ந்து இருந்தார்.

“பிள்ளை, எங்கட முறை என்ன? அம்மப்பா குடுக்கிற கோப்பையில தீத்துறதுதானே?”

“ஓம் அப்பா.”

“இதில என்ன வெட்டிக் கிடக்கெண்டு இன்னொருக்கால் வாசி.”

“முதற் கோப்பை…”

“பிறகென்ன?”

மறுமொழிக்குக் காத்திராமல் இலையிலிருந்து பொங்கலை அள்ளிக் கிண்ணத்துக்குள் போட்டார். அது நாலைந்து பேருக்குத் தேநீர் ஊற்றலாம் என்கிற ஆழம். பொங்கல் அடியில் போய்த் தங்கிவிட்டது. தோட்டம் கொத்திக் காய்ப்பேறிய அவருடைய கை, விரற்கணுவைத் தாண்டி உள்ளே போகவில்லை. கிண்ணத்தைச் சரித்து, பக்கத்தில் தட்டி, இரண்டு விரலால் ஒரு துளி எடுத்தார். அதற்குள் பிள்ளை தாயின் மடியிலிருந்து எம்பி, இரண்டு காதுகளையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டது. பிடித்ததை விடவில்லை. விளிம்பைக் கடிக்க வாயைத் திறந்தபோது அவர் சோற்றை உள்ளே வைத்தார்.

பிள்ளை விழுங்கியது. சீதேவி கண்ணைத் துடைத்தார்.

“பேரன் முதற் பரிசு எடுத்திட்டான்!” என்றார் தம்பிஐயா. இந்த முறை எல்லாரும் சத்தமாகச் சிரித்தார்கள், குருக்கள் உட்பட.

ஆழ்வாப்பிள்ளை சிரிக்கவில்லை. தம்பிஐயாவின் கையில் இருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஓம். ரெண்டாம் பரிசுக்கும் ஆள் ஆயத்தமாய் நிக்குது. நீங்களும் தீத்துங்கோ சம்பந்தி.”

தம்பிஐயாவின் முகத்தில் சிரிப்பு ஒரு கணம் இடம் மாறி நின்றது. பிறகு அவர் தன் கோப்பையில் பொங்கலிட்டு, நெய் விட்டுக் குழைத்து, பதமாகத் தீத்தினார். பிள்ளை அதை நன்றாகச் சப்பிச் சாப்பிட்டது. மூன்றாம் வாய்க்கு அந்தப் பக்கமே வாயைத் திறந்துகொண்டு திரும்பியது. அதையும் ஆழ்வாப்பிள்ளை கண்டார். கண்டுவிட்டு, சால்வைத் தலைப்பால் கிண்ணத்தின் விளிம்பைத் துடைக்கத் தொடங்கினார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது படகில் சீதேவி வாய் திறந்தார்.

“அரியத்துக்குப் போன் எடுத்து ரெண்டு வார்த்தை கேக்க வேண்டாமே?”

“என்னத்தைக் கேக்கிறது?”

“பிழையாய் அனுப்பினதை.”

“ஆர் சொன்னது பிழை எண்டு?”

இரவு அரியநாயகமே தொலைபேசியில் கூப்பிட்டார். “அண்ணை, கோப்பை எப்பிடி? சனம் வாயைப் பிளந்துதோ?”

“பிளந்துது” என்றார் ஆழ்வாப்பிள்ளை. அது பொய் இல்லை.

மகள் குடும்பம் பயணம் போகிறபோது பெட்டிகளை இறுப்பிட்டி வீட்டில் வைத்துத்தான் அடுக்கினார்கள். தம்பிஐயாவின் கோப்பை உடுப்புகளுக்கு நடுவில் மடித்த சேலை போலத் தட்டையாகப் போய்ப் படுத்துவிட்டது. கிண்ணத்தைப் பிரசாந்தன் நேராகவும் வைத்துப் பார்த்தான், சரித்தும் வைத்துப் பார்த்தான். பீடத்தைக் கழற்றினாலும் காதுகள் இடித்தன. “அடுத்த முறை கொண்டு போறம் மாமா” என்றான். “அது அங்க நசிஞ்சு போயிடும் அப்பா, இஞ்ச பத்திரமாய் இருக்கட்டும்” என்றாள் நிலாந்தினி. அவர், “அதுக்கென்ன” என்றார். அவள் அன்று நீலச் சேலைதான் உடுத்தியிருந்தாள். அதைக் கவனித்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

கிண்ணம் இப்போது இறுப்பிட்டி வீட்டு அலுமாரியில், கண்ணாடிக்குப் பின்னால், வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. வருகிறவர்கள் எந்தப் போட்டியில் வென்றது என்று கேட்கிறார்கள். சீதேவி விளக்கம் சொல்லத் தொடங்கினால் ஆழ்வாப்பிள்ளை தேநீர் கொண்டுவரச் சொல்லுவார்.

நயினாதீவிலும், இப்போது இறுப்பிட்டிக் கடைவாசல் வரைக்கும், ஒரு கதை நடக்கிறது. ஆழ்வாப்பிள்ளை கொண்டுபோன கப்பில் சோறு போட முடியாமல், கடைசியில் தம்பிஐயாவின் கோப்பையில்தான் பிள்ளைக்கு முதற் சோறு தீத்தினார்கள் என்று. அது பொய். முதல் வாய் ஆழ்வாப்பிள்ளையின் கோப்பையில் இருந்துதான் போனது. தம்பிஐயாவினுடையது இரண்டாவது.